ஒரு கேன்சர் காதல் கதையும் என் மூக்குறிஞ்சலும்

ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் போர்வைக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். ஜலதோஷம், அரியர், காதல் தோல்வி. போன வாரம் என் ரூம்மேட் லைட்டைப் போட்டுவிட்டு இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். தலையணைக்கு அடியில் கைவிட்டு புத்தகத்தை உருவிப் பார்த்தவன், "டேய், இது என் தங்கச்சி புக்குடா" என்றான். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம்காரனும் எழுந்து வந்துவிட்டான்.

புத்தகத்தின் பெயர் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. ஜான் கிரீன் என்ற அமெரிக்கர் எழுதி 2012-ல் வந்தது. நீல அட்டையில் ரெண்டு மேகம் இருக்குமே, அதேதான். ஸ்கூலில் பாதிப் பெண்கள் பையில் இது இருந்தது. தீபாவளி லீவில் தங்கச்சியின் பையிலிருந்து எப்படியோ ரூம்மேட்டின் பைக்கு வந்து, ஆறு மாசமாக அவன் லேப்டாப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி கரண்ட் போய், போனிலும் சார்ஜ் இல்லாமல், டார்ச் மட்டும் கையில் இருந்ததால்தான் எடுத்தேன். இதை வேறு யாரும் நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்.

இந்த மாதிரிக் கதைகளைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பதினாறு பதினேழு வயசுப் பையனும் பொண்ணும், நடுவில் கேன்சர், கடைசியில் சாவு. படிப்பவன் அழாமல் என்ன செய்வான்? வெங்காயம் உரித்தாலும்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது, அதற்காக வெங்காயத்தை இலக்கியம் என்று யாரும் சொல்வதில்லையே! நான் மட்டும் இப்படி நினைக்கவில்லை. 2013 வாக்கில் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் இந்த வகைப் புத்தகங்களுக்கு 'சிக் லிட்' என்றே பெயர் வைத்துத் திட்டியிருக்கிறார்கள். நோயைக் காட்டிச் சின்னப் பிள்ளைகளிடம் காசு பார்க்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2014-ல் வந்த படம் சுமார் 1.2 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்பதைப் பார்த்தால், காசு பார்த்தது என்னவோ நிஜம்.

கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முடிவையும் சொல்லப்போகிறேன். வேண்டாம் என்பவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஹேஸலுக்குப் பதினாறு வயது. தைராய்டில் ஆரம்பித்த கேன்சர் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. எங்கே போனாலும் ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு போகவேண்டும். வீட்டில் இருக்கும் ஆக்சிஜன் மெஷினுக்கு ஃபிலிப் என்று பெயர் வைத்திருக்கிறாள். (2021 மே மாசத்தைப் பார்த்த நமக்கு ஆக்சிஜன் சிலிண்டர் என்ற வார்த்தை வேறு மாதிரிதான் கேட்கும். எழுதியவருக்கு 2012-ல் அது தெரிந்திருக்க வழியில்லை.) அவள் ஊர் இண்டியானாபோலிஸ். அங்கே சர்ச் கட்டடத்தின் அடித்தளத்தில் நோயாளிப் பிள்ளைகள் கூடிப் பேசுகிற கூட்டத்தில் அகஸ்டஸைப் பார்க்கிறாள். எலும்பு கேன்சரில் ஒரு காலை இழந்தவன். ரெண்டு பேரும் அவளுக்குப் பிடித்த எழுத்தாளரைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் போகிறார்கள். அந்த ஆள் பெரிய குடிகாரராகவும் சிடுமூஞ்சியாகவும் இருக்கிறார். சாகப்போவது அவள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவனுக்குத்தான் கேன்சர் உடம்பு முழுக்கத் திரும்பி வந்திருக்கிறது.

முதல் நூறு பக்கம் எனக்கு எரிச்சல்தான். எந்த ஊர் ப்ளஸ் டூ பையன் இப்படி தத்துவம் பேசுவான்? அகஸ்டஸ் வாயில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட் இருக்கும். கொல்லும் பொருளை வாயில் வைத்துக்கொண்டு, அதற்குக் கொல்லும் சக்தியைக் கொடுக்காமல் இருப்பதாம். நம்ம ஊரில் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிப்பார்கள், அதாவது பரவாயில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டில் ரெண்டு பேரும் முத்தம் கொடுத்துக்கொள்ள, சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிற இடத்தில் புத்தகத்தை மூடியே வைத்துவிட்டேன். அந்த இடத்தில் அதெல்லாம் தேவையா? இன்றைக்கும் எனக்கு அது பிடிக்கவில்லை.

மூடி வைத்தவன் மறுபடி ஏன் எடுத்தேன் என்று கேட்டால், கரண்ட் இன்னும் வரவில்லை.

அப்புறம் அந்த பெட்ரோல் பங்க் வந்தது.

அகஸ்டஸுக்கு ரொம்ப முடியாமல் போய்விட்டது. வயிற்றில் டியூப் போட்டு சாப்பாடு போகிறது. ஒரு நாள் ராத்திரி ஹேஸலுக்கு போன் வருகிறது. வீட்டுக்குத் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை போயிருக்கிறான். அங்கே டியூப் போட்ட இடம் சீழ் பிடித்து, வாந்தி எடுத்து, அந்த வாந்தியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே என்று கெஞ்சுகிறான். எதற்காக வந்தாய் என்று கேட்கிறாள். ஒரு பாக்கெட் சிகரெட் வாங்க. பற்றவைக்கவே போகாத அந்த சிகரெட். அதை அப்பாவோ அம்மாவோ வாங்கித் தராமல், ஒரே ஒரு காரியத்தையாவது தானே செய்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறான். அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுகிறாள். அது வரும்வரை, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கவிதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கவிதை தீர்ந்துபோனதும் சொந்தமாகச் சேர்த்துச் சேர்த்துச் சொல்கிறாள்.

நூறு பக்கமாக ஸ்டைலாக வசனம் பேசிய பையன் அவன். எனக்கு எரிச்சல் தந்த அதே சிகரெட்தான் இப்போது தொண்டையை அடைத்தது. நம்ம சினிமா கேன்சர் எப்படி இருக்கும்? ஹீரோ இருமுவார், கர்ச்சீப்பில் ஒரு சொட்டு ரத்தம், தலைமுடி கலையாது. இங்கே ஹீரோ நாறுகிறான். ஹீரோயினால் அதை மாற்ற முடியவில்லை. பக்கத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். ஜான் கிரீன் இளம் வயதில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் மதப் பணியாளராக வேலை பார்த்தவர். புத்தகத்தை எஸ்தர் ஏர்ல் என்ற பெண்ணுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த வாசகி, தைராய்டு கேன்சரில் 2010-ல், பதினாறு வயதில் இறந்தவள். கதை அவளுடையது இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த பெட்ரோல் பங்க்கை வெறும் கற்பனையை வைத்து எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விஷயம். ஹேஸல் ஆரம்பத்தில் அவனைத் தள்ளியே வைக்கிறாள். நான் ஒரு கையெறி குண்டு, என்றைக்காவது வெடிப்பேன், பக்கத்தில் எத்தனை பேர் குறைவோ அத்தனை நல்லது என்பது அவள் கணக்கு. இந்தக் கணக்கு நமக்குப் புதிது இல்லை. 1982-ல் வந்த 'வாழ்வே மாயம்' படத்தில் கமல்ஹாசன் இதையேதான் செய்வார். கேன்சர் என்று தெரிந்ததும் ஸ்ரீதேவி தன்னை வெறுக்கட்டும் என்று வேறொருத்தியுடன் பழகுவதுபோல நடிப்பார். அது தியாகம், தியேட்டரே அழுதது, எங்கள் அம்மா இன்றைக்கும் டிவியில் வந்தால் அழுவார். ஆனால் அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? தெரிந்தால் கூடவே இருந்திருப்பாளோ என்னவோ. மணிரத்னத்தின் 'இதயத்தை திருடாதே' (1989, தெலுங்கு 'கீதாஞ்சலி'யின் தமிழ் டப்பிங்) எனக்கு அதைவிடப் பிடிப்பது இதனால்தான். அதில் ரெண்டு பேருக்குமே நோய், யாரும் யாரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒதுக்க முடியாது. அகஸ்டஸும் அதைத்தான் சொல்கிறான். யாரால் காயப்பட வேண்டும் என்பது என் விருப்பம், அதை நீ முடிவு செய்யாதே என்கிறான்.

(ஹிந்தியில் 'தில் பேச்சாரா' என்று எடுத்தார்கள். 2020 ஜூலையில் அது வெளியானபோது சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை ஒரு படமாகப் பார்த்து விமர்சனம் பண்ண என்னால் முடியவில்லை.)

சரி, மூக்குறிஞ்சலுக்கு வருகிறேன். பெட்ரோல் பங்க்கில் தொண்டை அடைத்தது, அவ்வளவுதான். அழுதது அங்கே இல்லை, அகஸ்டஸ் சாகும்போதும் இல்லை. அதற்கெல்லாம் முன்னாடியே படித்து முடித்திருந்த ஒரு சின்ன விஷயத்துக்காகத் திரும்பிப் போய்த்தான் அழுதேன். அகஸ்டஸின் நண்பன் ஐசக்குக்குக் கண்ணில் கேன்சர். ஒரு கண் சின்ன வயசிலேயே போய்விட்டது, மிச்சமிருக்கும் கண்ணையும் எடுக்கப்போகிறார்கள். ஆபரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவன் காதலி மோனிகா, என்னால் இதைத் தாங்க முடியாது என்று விலகிவிடுகிறாள். அப்புறம் மூன்று பேரும் போய் அவள் கார்மேல் முட்டை வீசுகிறார்கள். படிக்கும்போது நானும் சந்தோஷமாக நாலு முட்டை வீசினேன். புத்தகம் முடிந்து லைட்டை அணைத்துப் படுத்த பிறகுதான் உறைத்தது, அந்தக் கார் என்னுடையது என்று.

ப்ளஸ் ஒன்னில் என் பெஞ்ச்சில் ஒருத்தன் இருந்தான். விக்கெட் கீப்பர் என்பதால் கீப்பர் என்றே கூப்பிடுவோம். முட்டிக்கு மேலே வலி, வலி என்றான். மேட்ச்சில் அடிபட்டிருக்கும் என்று எல்லாரும் சொன்னோம், தைலம் தேய்த்துவிட்டதுகூட நான்தான். ஸ்கேனில் பார்த்தால் ஆஸ்டியோசர்கோமா. அகஸ்டஸுக்கு வந்த அதே எலும்பு கேன்சர். கிடுகிடுவென்று உயரம் வளர்கிற வயசில், பெரும்பாலும் முட்டியை ஒட்டித்தான் வருமாம். முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், மறுபடி கீமோ. காலை எடுக்கவில்லை. தொடை எலும்பின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள்.

நான் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். புருவம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் என்னவோ சாதாரணமாகத்தான் பேசினான், எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கிளம்பும்போது அவங்க அம்மா வாசல்வரை வந்து, "அடிக்கடி வாப்பா, அவனுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை" என்றார்கள். கண்டிப்பா வர்றேன் ஆன்ட்டி என்றேன்.

போகவில்லை. அவனிடமிருந்து மெசேஜ் வரும். மேட்ச் பாத்தியா, இன்னிக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட் எப்படி. முதலில் லேட்டாகப் பதில் போட்டேன், அப்புறம் போடவில்லை. நாம போய் நின்றால் அவனுக்குத்தான் கஷ்டம், ஓடியாடின நாளெல்லாம் ஞாபகம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுக்காகத்தான் போகவில்லையாம்! கமல்ஹாசனாவது கேன்சர் வந்தவர். எனக்கு என்ன வந்தது?

அதனால் வெங்காயக் கொள்கையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வெங்காயம்தான், சந்தேகமில்லை. ஆனால் நான் அழுதது அகஸ்டஸுக்காக இல்லையே. சிக் லிட் என்று திட்டுகிறவர்கள், இதைப் படிக்கும் பிள்ளைகள் சாவை ரசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்கிறார்கள். எனக்கென்னவோ, படுத்திருப்பவன் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று பதினாறு வயசில் எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை என்றுதான் படுகிறது. ஸ்கூலில் எங்களை மௌனப் பிரார்த்தனை பண்ணச் சொன்னார்கள். ஐசக் கண் போன பிறகு ஹேஸல் அவன்கூட உட்கார்ந்து, குரல் கொடுத்தே ஆடும் வீடியோ கேம் ஆடுகிறாள், அவனைக் கிண்டல் பண்ணுகிறாள். இந்தப் புத்தகம் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் போயிருப்பேனா? தெரியாது. குறைந்தபட்சம் என்ன பண்ணுவது என்றாவது தெரிந்திருக்கும்.

கீப்பர் பிழைத்துக்கொண்டான். இப்போது வேறு ஊரில் பி.காம். நேற்று போன் பண்ணினேன், நாலு வருஷம் கழித்து. அவங்க அம்மாதான் எடுத்தார்கள். யாரென்று சொன்னதும், "நல்லா இருக்கியாப்பா? அப்பா அம்மா சௌக்கியமா?" என்றார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் தேவலை போலிருந்தது.

அவனும் கேட்கவில்லை. புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"படம் பாத்துட்டேன்டா. செயற்கைக் கால் வெச்சவன் ஒருத்தனும் அப்படி நடக்க மாட்டான்."

"கீப்பிங் பண்றியா இன்னும்?" கேட்ட அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். முட்டியில் உலோகத்தை வைத்துக்கொண்டு எப்படிக் குத்துக்காலிட்டு உட்காருவது?

அவன் சிரித்தான். "இப்ப நான் அம்பயர். நிக்கிற வேலைதானே. ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு, வா. நீ பேட்டைப் பிடிச்சா மொத பால்லயே எல்.பி.டபிள்யூ குடுத்துடுவேன்."

கண்டிப்பா வர்றேன் என்று சொல்லியிருக்கிறேன். அவங்க அம்மாகிட்டயும் அன்றைக்கு இதையேதான் சொன்னேன். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. ரூம்மேட்டிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு, அது மறுபடி லேப்டாப்புக்குக் கீழே போய்விட்டது.