ஏணி இருக்கு, முதல் படி எங்கே?

தாதியர் பதவி உயர்வு என்றாலே தரம், சம்பள அளவு, கொடுப்பனவு என்றுதான் பேசுகிறோம். மூன்றாம் தரத்தில் சேர்ந்தவர் முதலாம் தரத்துக்கு எப்போது போவார் என்று தொழிற்சங்கங்கள் கேட்பது நியாயம்தான். ஆனா அப்புத்தளை, பசறை தோட்டங்களில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஏணியின் முதல் படியே எட்டல.

அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் சித்தியடைய வேண்டும். பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளில் அந்தப் பிரிவே கிடையாது. டவுனுக்குப் போய்ப் படிக்கணும்னா பஸ் காசு, டியூஷன் காசு. 2021இல்தான் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆன வீடுகளில் இது எப்படிக் கட்டுப்படியாகும்? பதுளையில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருந்தும் லயத்துப் பிள்ளைக்கு அது தூரம்தான்.

இன்னொரு பக்கம் பாருங்க. கம்பனிச் சம்பளத்தில் தோட்டத்து மருத்துவச்சியாகவும் பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளராகவும் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணியின் வீடு, குழந்தையின் நிறை, எந்த லயத்தில் யாருக்குச் சீனி வியாதி என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அத்தனை வருட அனுபவமும் அரச தாதியர் சேவைக்குள் நுழைய உதவாது. சேர்ந்த வேலையிலேயே ஓய்வு பெற வேண்டியதுதான்.

2022 நெருக்கடியில் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போக அரசாங்கம் வழி திறந்தது. போகிறவர்களைக் குறை சொல்லல. வெளியே போக ஒரு சுற்றறிக்கை போதும் என்றால், உள்ளே வர ஏன் ஒன்று எழுத முடியாது?

இது நடக்காத காரியம் இல்லை. இந்தியாவில் ஏ.என்.எம். படித்த கிராமத் தாதி ஜி.என்.எம். படிக்கலாம், அதை முடித்தவர் இரண்டு வருடப் படிப்பில் பி.எஸ்சி. பட்டம் பெறலாம். அங்கே படிகளுக்கு நடுவே பாலம் போட்டிருக்கிறார்கள்.

"தகுதியைக் குறைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. பரீட்சை வையுங்கள், மூன்று வருடமும் பயிற்சி கொடுங்கள். அதற்கு முன் ஒரு ஆயத்த வகுப்பைத் தமிழில் நடத்துங்கள், தோட்டத்தில் உழைத்த வருடங்களையும் தகுதியாகக் கணக்கெடுங்கள். 1987இலேயே தமிழ் அரசகரும மொழியாகிவிட்டது. வாட்டில் படுத்திருக்கும் அம்மாவுக்கு எங்கே வலிக்குதுன்னு தமிழில் கேட்க ஆளில்லை என்றால், குறைந்திருப்பது யாருடைய தகுதி?

அடுத்த முறை வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் கூரைத் தகரத்தோடு இதையும் கேளுங்கள்: எங்கள் தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞானப் பிரிவு எப்போது வரும்?