மெடிக்கல் ஷாப் 'செட்' மாத்திரை... வலி போகும், வயிறும் கிட்னியும்?

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். மணிக்கணக்கில் தறி முன்னாடி நின்றால் இடுப்பும் காலும் கெஞ்சும். "மேல்வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க அண்ணாச்சி!" நீங்களும் இப்படிக் கேட்டிருப்பீங்கதானே?

வலி மாத்திரைகளில் ஒன்றான நிமெசுலைடு மீது 2025 டிசம்பர் 29 அன்று மத்திய அரசு கை வைத்தது. 100 மில்லிகிராமுக்கு மேல் உள்ள, மருந்தை உடனே வெளியிடும் மாத்திரைகளுக்குத் தடை. கவலை, கல்லீரல் பற்றியது. பின்லாந்தும் ஸ்பெயினும் 2002-லேயே இதை நிறுத்திவைத்தன. இங்கே 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-ல் தடை வந்தது.

அப்போ பிரச்னை முடிஞ்சுதா? இல்லை. 100 மில்லிகிராம் மாத்திரை இன்னும் கடையில் இருக்கிறது. ரெண்டைச் சேர்த்துப் போட்டால் 200. தடை மாத்திரைக்குத்தான், நம்ம கைக்கு இல்லை!

நிமெசுலைடு மட்டுமல்ல, டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் உடம்பில் சுரப்பதை இவை குறைக்கின்றன. இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதே பொருள்தான். அது குறைந்தால் அழற்சி, புண், ரத்தக்கசிவு வரை போகலாம். கூடவே போடும் 'கேஸ் மாத்திரை' இரைப்பையைக் காக்கும், சிறுகுடலைக் காக்காது.

சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போவதற்கும் அந்தப் பொருள் வேண்டும். தறிக்கூடத்துப் புழுக்கத்தில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இந்த மாத்திரையைப் போட்டால் கிட்னிக்கு ரெட்டை அடி. சில பி.பி. மாத்திரைகளும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இவற்றில் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. ஆனால், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் தொழிலாளி கடைக்குப் போகிறார். தடை உத்தரவு இந்தக் கணக்கை மாற்றாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அது தறிக்கூடம் வரை வந்தால், செட் மாத்திரைக்கான தேவையே குறையும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பெயர் தெரியாத, துண்டாக வெட்டிய மாத்திரையை வாங்காதீங்க. பி.பி., சுகர் மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்க. மலம் கறுப்பாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை.