மீனுக்கு இலைத்தூளும் பாசித்தூளும்



ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் ராத்தா ஒருவர் போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி கட்டித் திலாப்பியா வளர்க்கிறாராம். மீன்கள் பெருக்கவுமில்லை, குஞ்சு பொரிக்கவுமில்லை. முருங்கை இலைத்தூளும் ஸ்பிரூலினா என்ற பாசித்தூளும் போட்டால் இரண்டும் நடக்கும் என்று யாரோ சொன்னார்களாம். "சீட்டு எடுத்த காசில் ஒரு போத்தல் வாங்கட்டுமா மௌலவி?" என்று கேட்டிருக்கிறார்.

வாங்க வேண்டாம் ராத்தா. பாசி கெட்டதென்பதால் அல்ல. அது அல்லாஹ் தந்த அருமையான உணவு. ஆபிரிக்காவின் சாட் நாட்டில் கனெம்பு இனத்து முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஏரியிலிருந்து இந்தப் பாசியை அள்ளி, மணலில் ஊற்றிக் காயவைத்து, 'திஹே' என்ற பெயரில் சந்தையில் விற்கிறார்கள். குழம்புக்கு அதைத்தான் சேர்ப்பார்கள். காய்ந்த பாசியில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு புரதம். மீன் தன் உடம்பில் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத செம்மஞ்சள் நிறச்சத்தும் அதில் உண்டு. தாய்மீன் அந்தச் சத்தை முட்டைக்குள் சேர்த்து வைக்கிறது. தாய்மீன்களின் தீனியில் சிறிதளவு சேர்த்தபோது முட்டையும் பொரிப்பும் கூடியதைப் பல பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் நிறத்துக்காகவே போடுகிறார்கள். விற்கும் மீனுக்கு அந்தச் செலவு கட்டும். பிள்ளைகளின் சோற்றுக்கு வளர்க்கும் மீனுக்குக் கட்டாது.

முருங்கை இலை நம் வேலியிலேயே கிடைக்கும். காய்ந்த இலையில் நூற்றுக்குக் கால் பங்குக்கு மேல் புரதம். ஆனால் நுரைக்கும் சபோனினும், துவர்க்கும் தனினும் அதில் உண்டு. அளவு மிஞ்சினால் மீன் தீனியை ஒதுக்கும், வளர்ச்சியும் குன்றும். ஊறவைத்து, வடித்து, நிழலில் காயவைத்துப் பொடித்து, மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் சேருங்கள். தோட்டங்களில் நிற்கும் இபில் இபில் இலையை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். மைமோசின் என்ற நஞ்சு அதில் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் தாய்த் திலாப்பியாக்களுக்கு அதைப் பெருமளவு கொடுத்துப் பார்த்தபோது குஞ்சுகள் குறைந்தன. பப்பாசி விதையும் அப்படித்தான். திலாப்பியா பெருகாமலிருக்கவே அதைத் தீனியில் கலந்து சோதித்திருக்கிறார்கள். இலை என்றாலே மருந்து என்று நினைப்பது நம்மிடம் உள்ள பலவீனம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திலாப்பியா வெப்பநாட்டு மீன். 1952இல்தான் நமது நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. தண்ணீர் 20 பாகைக்கு மேல் சூடாக இருந்தால்தான் அது முட்டையிட நினைக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கு சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். ஹட்டன் அதைவிடத் தாழ்வு என்றாலும் குளிர்மாத இரவுகளில் தொட்டித் தண்ணீர் என்னவாகும்? குளிரில் மீன் தின்பதே குறைந்துவிடும். தின்னாத மீனுக்கு எந்தத் தூளைப் போட்டு என்ன பயன்?

இன்னொன்றும் யோசியுங்கள். உங்களுக்குக் குஞ்சு தேவையா, இறைச்சி தேவையா? சூடான ஊர்களில் திலாப்பியா அளவுக்கு மீறிக் குஞ்சு பொரித்து, தொட்டி நிறையச் சுண்டுவிரல் மீன்களாகி, எதுவும் பெருக்காமல் போகிறது என்பதுதான் வளர்ப்பவர்களின் புகார். முட்டைக்குப் போகும் சத்து சதைக்குப் போவதில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கு நுவரெலியாவிலும் நிலையம் உண்டு. குளிர் தாங்கும் சாதாரண கெண்டைக் குஞ்சுகளைப் பற்றி அங்கே விசாரியுங்கள். தவிடும் புண்ணாக்கும் கொஞ்சம் இலைத்தூளும் கெண்டைக்கு ஒத்துப்போகும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப் பகுதிகளில் அது 32 வீதம். அந்தப் பிள்ளைகளின் தட்டில் கிழமைக்கு இரண்டு தடவை மீன் விழுந்தால் அது சிறிய காரியமில்லை.

கோழி எருவைத் தொட்டியில் கொட்டலாமா என்றும் ராத்தா கேட்டிருந்தார். எருவால் தண்ணீரில் பாசி வளர்ந்து, மீன் பாசியைத் தின்றால் குற்றமில்லை. அசுத்தத்தையே தின்று மீனின் வாடையோ ருசியோ மாறிவிட்டால், நமது ஷாஃபிஈ மத்ஹபில் அதை உண்பது மக்ரூஹ். சுத்தமான தீனி கொடுத்து அந்த வாடை போன பிறகு உண்ணலாம். சிறிய தொட்டியில் எரு போடாமலிருப்பதே நல்லது. தண்ணீர் கெட்டு மீன் செத்துப்போகும்.

ராத்தா, முதலில் ஒரு வெப்பமானி தேடுங்கள். காய்ச்சல் பார்ப்பது உதவாது. பாடசாலை விஞ்ஞானகூடத்தில் இருப்பதை இரவல் கேளுங்கள். ஒரு கிழமைக்குச் சுபஹுக்குப் பிறகும் லுஹருக்குப் பிறகும் தண்ணீரில் வைத்துப் பார்த்து, எண்களை எனக்கு எழுதுங்கள்.