காலி இடம் இருக்கு, உனக்கு இல்லை

உதகை குதிரைப் பந்தய மைதானம் 52 ஏக்கர். மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு அரசு கொடுத்த குத்தகை 1978லேயே முடிந்துபோனது. முடிந்த பிறகும் குதிரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி 2024 ஜூலையில்தான் அரசு மைதானத்தைக் கையில் எடுத்தது. நாற்பத்தாறு வருசம்! அதே ஊர் நகராட்சிச் சந்தையில், வாடகை பாக்கி என்று 2021 ஆகஸ்டில் கடை கடையாகச் சீல் வைத்தார்கள். சீமானுக்கு ஒரு நியாயம், சில்லறை வியாபாரிக்கு ஒரு நியாயம். சரி, அந்தச் சில்லறை வியாபாரி வரிசையிலாவது நம்மாள் எத்தனை பேர்?

தோட்டத்து லயனில் பிறந்தவன் குன்னூர் பஜாரில் ஒரு மெஸ் போட இடம் தேடிப் போகட்டும். முதல் கேள்வி வாடகையைப் பற்றி இருக்காது. ‘தம்பிக்கு எந்த ஊரு? அப்பா பேரென்ன? ஊர்ல எந்தப் பக்கம்?’ மூணாவது கேள்விக்குள் முகம் மாறிவிடும். ‘யோசிச்சுச் சொல்றேம்பா.’ ‘மச்சான் கேட்டுட்டு இருக்கான்.’ ‘கறிப் பொகை மாடி வீட்டுக்கு வரும்.’ சாதி என்ற சொல்லே வாயில் வராமல் சாதி தன் வேலையை முடித்துவிடும். மாட்டுக்கறி போடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினாலும் கதவு திறக்காது. பிரச்சினை கறியில் இல்லை தோழர்களே, அதைப் பரிமாறும் கையில் இருக்கிறது.

கொஞ்சம் இளகினவன் வேறு மாதிரி பேசுவான்: ‘பத்து மாச அட்வான்ஸ் குடு, பத்திரமெல்லாம் எதுக்கு, வாய்ப் பேச்சே போதும்.’

வாய்ப் பேச்சு எதுக்கு ஆகும்? லைசென்சுக்குப் போனால் இடத்துக்குக் காகிதம் கேட்பான். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் என்கிறார்கள். கடன் கொடுக்கிற வங்கிக்காரனும் அதே காகிதத்தைத்தான் கேட்பான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமோ ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும் என்கிறது. எழுத்து இல்லாதவனுக்கு, வியாபாரம் சூடு பிடிக்கிற மாசமே ‘காலி பண்ணு’.

அரசியல் சட்டத்தின் 15(2) ஓட்டலுக்குள் போய்ச் சாப்பிட உரிமை தந்தது. அது காசு கொடுத்துத் தின்கிறவன் உரிமை. கல்லாவில் உட்காருகிறவனுக்கு? 1957இல் சென்னை முரளி கபே முன்னால் பெரியார் தொண்டர்கள் மறியல் செய்தது ‘பிராமணாள்’ என்ற பலகைக்கு எதிராக. பலகை போனது நல்லது. கட்டடம் யார் பேரில், வாடகைக்கு யாருக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தைப் படியுங்கள். வியாபாரத் தொடர்பை மறுப்பது, ஒப்பந்த வாய்ப்பை மறுப்பது இரண்டும் பொருளாதாரப் புறக்கணிப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. இடம் கேட்கத் தனியாகப் போகாதீர்கள். ரசீது இல்லாமல் அட்வான்ஸ் நீட்டாதீர்கள். மறுத்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பேர், எல்லாம் குறித்து வையுங்கள்.

அப்புறம், 1891இல் அயோத்திதாசர் மாநாடு கூட்டிய அதே உதகையில், நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுவோம்: உங்கள் கடைகளில் பட்டியல் சாதியார் பேரில் இருப்பவை எத்தனை? அதில் ஓட்டல் எத்தனை?