அம்மம்மாவின் பாய்

சென்ற கிழமை நம் வீட்டுக்கு வந்த மாணவி ஒருத்தி, அறை மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த ஓலைப் பாயைக் கண்டு, "இதை ஏன் இன்னும் எறியாமல் வைத்திருக்கிறீர்கள்?" என்று வினவினாள். வினவியதில் தவறில்லை. நடுவே நான்கைந்து இடங்களில் வேறு நிற ஓலை செருகி, பிய்ந்த விளிம்புக்குப் பழஞ்சேலைத் துண்டு வைத்துத் தைத்த பாய் அது. அவளுக்கு நாம் கூறிய விடையையே இவ்வாரம் வாசகர்களுக்கும் கூற விழைகின்றோம்.

வன்னிப் பெருநிலத்தின் உட்பகுதி குளமும் வயலும் காடுமாய் இருக்க, நம் பூநகரிப் பக்கமோ மணலும் பனையுமாய்க் கிடப்பது. குளக்கரை ஊரார் பன் புல்லை அறுத்துப் பன்பாய் இழைத்தனர். நமக்கு வாய்த்தது பனையோலை. நம் அம்மம்மா இழைத்தார். அவருடைய தாயாரும் இழைத்தார். எவரும் இதனைப் பள்ளியில் பயின்றதில்லை. தாயின் மடியருகே இருந்து, கழித்துப்போட்ட ஓலைத் துண்டுகளை வைத்து விளையாடிய குழந்தைகள், எப்பொழுது கற்றோம் என்பதை அறியாமலே கற்றுக்கொண்டனர்.

பாய்க்கு முற்றிய ஓலை உதவாது. இளம் வடலியின் குருத்தோலையே வேண்டும். அதையும் ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வெட்ட அம்மம்மா விடமாட்டார். மரம் நலியும் என்பார். வெட்டிய ஓலையை விரித்து, பகலில் வெயிலும் இரவில் பனியும் படும்படி முற்றத்தில் இட்டால், பச்சை நீங்கி வெண்மை ஏறும். பின்னர் ஈர்க்கை நீக்கிச் சத்தகத்தால் ஒரே அகலமாக வார்ந்தெடுக்க வேண்டும். இந்த வார்தலிலேதான் கைவண்ணம் இருக்கிறது. ஓர் ஓலை அகன்று மற்றொன்று ஒடுங்கினால் பாய் கோணும். கோணிய பாயை எத்தனை இழுத்தாலும் நேராக்க முடியாது. உச்சி வெயிலில் ஓலை முறியுமாதலால், காலைப் பனியிலும் அந்திப் பொழுதிலுமே இழைப்பு நடைபெறும். தறி இல்லை, ஆணி இல்லை. ஒரு மூலையில் தொடங்கிக் குறுக்கே பின்னி, பாய் வளர வளர அதன்மேலேயே இழைப்பவர் அமர்ந்துகொள்வார். சிவப்பும் பச்சையுமாய்ச் சாயத்தில் அவித்த ஓலைகளை இடையிடையே சேர்ப்பதும் உண்டு. விளிம்பை மடித்த விதத்தைப் பார்த்தே இன்னார் இழைத்த பாய் என்று சொல்லிவிடுவார்கள் அயலார்.

இதனைப் பொழுதுபோக்கு எனலாமா என்பதில் நமக்கே ஐயமுண்டு. நெல் குற்றி, மாடு பார்த்து, உலை வைத்து இறக்கிய ஒருவருக்குப் போக்குவதற்குப் பொழுது ஏது? ஆயினும் பாய் இழைக்கும் வேளையிலேதான் அம்மம்மா வாய்விட்டுச் சிரித்ததை நாம் கண்டிருக்கிறோம். அயல்வீட்டுப் பெண்கள் தத்தம் ஓலைக் கட்டுடன் வந்து கூடுவர். ஊர்க் கதை அத்தனையும் அங்கே அரங்கேறும்.

பழையதைப் பொருத்திப் புதியதாக்கும் இக்கலை நமக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக்கரையிலிருந்தே உருவிய நூலால் நெருக்கமாகத் தைத்துக் 'கந்தா' என்னும் போர்வை ஆக்குவர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாய் இருந்தோரின் வழிவந்த பெண்கள் தேய்ந்த வேலை உடைகளை வெட்டி இணைத்துப் போர்வை தைத்தனர். அவை 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரிலும் நியூயோர்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. 2006இல் அந்நாட்டு அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன. குளிருக்குப் போர்த்தியதைச் சுவரில் மாட்டினால்தான் உலகம் கலையென்று ஒப்புகிறது போலும்!

நம் பாய் சுவரில் தொங்கவில்லை, தெருவில் அலைந்தது. 2008ஆம் ஆண்டில் பூநகரியை விட்டுப் புறப்பட்டபொழுது, பானை சட்டிகளுடன் சுருட்டிக் கட்டியது இந்த ஒரு பாயைத்தான். அக்கராயன், கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று அது நம்மோடு நடந்தது. மழையில் விரித்தோம், பதுங்குகுழியின் ஈர மணலில் விரித்தோம். 2009இல் செட்டிகுளத்து முகாமின் கூடாரத்தில், பிய்ந்த இடங்களை அம்மம்மா தடவிப் பார்த்தார். ஓலைக்கு எங்கே போவது? கிழிந்த தம் சேலையொன்றின் கரையை அறுத்து விளிம்பில் வைத்துத் தைத்தார். மாணவி கண்ட பழஞ்சேலைத் துண்டு அதுதான். அவர் கை கடைசியாகச் செய்த வேலையும் அதுவே.

2010இல் ஊர் திரும்பியபொழுது வளவில் பனைகள் சில மொட்டையாய் நின்றன. பல நிற்கவே இல்லை. பதுங்குகுழிகளுக்கு மூடுமரமாய்ப் போனவை எத்தனை, எறிகணையில் சரிந்தவை எத்தனை என்று எண்ணுவார் இல்லை. தென்னையைப் போலன்றிப் பனை ஆறுதலாகவே வளரும். முதன்முறை காய்ப்பதற்கே பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். அவ்வாண்டு மழைக்கு முன் வேலியோரமாகப் பனங்கொட்டைகளை ஊன்றினோம். சந்தையில் விலை மலிந்த பிளாஸ்ரிக் பாய் வந்து குவிந்திருந்த காலமாதலால், எதற்கு இந்த வேலை என்று அயலில் சிலர் நகைத்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பாயில்தான் நாமும் படுத்தோம்.

அன்று ஊன்றியவை இன்று வடலிகள். சென்ற ஆண்டு அவற்றுள் ஒன்றிலிருந்து முதற்குருத்து வெட்டினோம். பாயிலே செருகியிருக்கும் வேறு நிற ஓலைகள் அந்தக் குருத்தினுடையவை. எஞ்சியதைக் கொண்டு நம் பேத்தி ஒரு தடுக்கு இழைத்தாள். ஒரு பக்கம் கோணல்தான். வார்ந்த ஓலை ஒரே அகலமாக இல்லை என்று சொன்னோம். அடுத்த குருத்து எப்பொழுது வெட்டலாம் என்று கேட்டாள்.