தங்கவயல்: மேட்டுக்குக் கணக்கு இருக்கிறது, மனிதருக்கு?

'கே.ஜி.எஃப்' படத்துக்கு விசிலடித்தோம். 'தங்கலான்' பார்த்துக் கலங்கினோம். தோழர்களே, தியேட்டரை விட்டு வெளியே வருவோம். கோலார் தங்கவயலில் அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வட ஆற்காட்டின் சேரிகளிலிருந்து போன நம் மக்கள், மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பாறையை உடைத்தார்கள். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அது எந்திரத்துக்கும் வெள்ளைக்காரர் பங்களாவுக்கும் வந்த வெளிச்சம். தொழிலாளியின் லைன் வீட்டுக்குக் கிடைத்தது சிலிகா தூசியும் இருமலும்.

2001 பிப்ரவரி 28இல் பொதுத்துறையின் பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது. அன்றிலிருந்து தங்கவயல் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் கூலி வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

இப்போது மறுசீரமைப்பு என்கிறார்கள். 13 சயனைடு மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொழில் நகரம் அமைக்கும் பேச்சும் நடக்கிறது. வரட்டும். பூட்டிய சுரங்கத்தைக் கட்டிக்கொண்டு அழ நமக்கும் ஆசையில்லை.

ஆனால், "தொழில் வந்தால் ஊரே பிழைத்துக்கொள்ளும்" என்பவர்களிடம் ஒரு கேள்வி. சுமார் 800 டன் தங்கம் எடுத்தபோதே லைன் வீட்டுக்கு இறங்கி வராத செல்வம், மிச்சத் துகளைச் சலிக்கும்போது மட்டும் தானாக இறங்கி வருமா? மேடு எத்தனை டன், நிலம் எத்தனை ஏக்கர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தூசி தின்ற நுரையீரல்கள் எத்தனை என்ற கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது?

நாம் கேட்பது சலுகை இல்லை, பாக்கி. லைன் வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு முதலில் உரிமைப் பத்திரம். முன்னாள் தொழிலாளர் அனைவருக்கும் நுரையீரல் பரிசோதனை, சிகிச்சை, இழப்பீடு. அவர்கள் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை. மேட்டைக் கிளறும்போது பறக்கும் தூசிக்குப் பொறுப்பு. இவை அமைச்சர் வாயில் இருந்தால் போதாது, ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களே, அந்த ஒப்பந்த நிபந்தனைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். லைன் லைனாகப் போய் அந்த விடுபட்ட கணக்கை எடுங்கள். ஏலத்துக்குப் பிறகு போராடினால் நம்மிடம் போலீஸ்தான் பேசும். இப்போதே போவோம்.

ஜெய் பீம்.