பொம்பேயின் விதைநெல்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு ரொட்டியின் படம் இருக்கிறது. கரிக்கட்டையாய்க் கறுத்த வட்ட ரொட்டி. பிய்த்துப் பங்கிட வசதியாக மேலே எட்டுத் துண்டுக்குக் கோடு கீறியிருக்கிறது. இத்தாலியின் பொம்பேய் நகரில், ஒரு ரொட்டிக்கடை அடுப்பை 1862-இல் திறந்தபோது இப்படி 81 ரொட்டிகள் இருந்தன. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது வெந்துகொண்டிருந்தவை. வைத்தவர் எடுக்க வரவில்லை.

1748-இல் அங்கே மண்வெட்டி பிடித்தவர்கள் ரொட்டிக்காகத் தோண்டவில்லை. நேப்பிள்ஸ் அரசருக்குச் சிலையும் ஓவியமும் வேண்டியிருந்தன. சுவரோவியங்களைப் பெயர்த்து அரண்மனைக்கு அனுப்பினார்கள். இறுகிய சாம்பலுக்குள் ஆங்காங்கே பொந்துகள் தட்டுப்பட்டன. உள்ளே எலும்பு கிடந்தது. பொந்தை உடைத்துக்கொண்டு மேலே போனார்கள்.

1863-இல் ஜூசெப்பே ஃபியோரெல்லி அந்தப் பொந்துக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினார். இறுகியதும் சாம்பலைத் தட்டிவிட்டால், விழுந்து கிடக்கும் ஒரு மனிதர்! உடையின் மடிப்பு வரை தெரிந்தது. உடல் மக்கி விட்டுப்போன இடம்தான் அந்தப் பொந்து. அதற்கு முன் உடைபட்டவர்கள் எத்தனை பேரோ!

பின்னாளில் அதே முறையில் வார்த்த ஓர் உருவம், தங்கக் காப்பு அணிந்தவருடையது. கூடவே ஒரு குழந்தை. தாயும் பிள்ளையும் என்றே எல்லோரும் உருகினோம். 2024-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அந்தப் பெரியவர் ஆண் என்றது. இருவருக்கும் ரத்த உறவு இல்லை என்றது. முன்பு யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி; கேட்டிருந்தாலும் விடை காணும் வழி அப்போது இல்லை.

ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. அதையும் தோண்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தோண்டியதைக் காப்பதே பெரும்பாடு. சாம்பலை அகற்றியதும் மழையும் வெயிலும் செடிவேரும் சுவரைத் தின்னத் தொடங்கிவிடும். கிளாடியேட்டர்களின் கட்டடம் என்று பெயர்பெற்ற ஒன்று, இரண்டாம் உலகப் போரில் குண்டடிபட்டு, பிறகு ஒட்டிச் சீர்செய்யப்பட்டு, 2010 நவம்பர் மழையில் சரிந்தே விட்டது. அதைத் தோண்டியெடுத்து நூறாண்டுகூட ஆகியிருக்கவில்லை. சாம்பலோ அதைப் பதினெட்டு நூற்றாண்டுக்கு மேல் காத்து வைத்திருந்தது.

இடியும் சுவரைத் தாங்க வேண்டிய இடத்தில் தோண்டட்டும். மற்றதை விட்டுவைப்பதே நியாயம். வயிறு காய்ந்தாலும் விதைநெல்லை உலையில் போடாதவர்கள் நம் பெரியவர்கள். அந்தக் கடைசிப் பங்கும் விதைநெல்தான். விதைக்கத் தெரிந்தவர்கள் இனிமேல்தான் பிறக்கப் போகிறார்கள்.